அயர்லாந்தின் பெரிய வீடுகள்: கட்டியவர்கள் யார், அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின?

கேள்வி இதுதான்: அயர்லாந்துக் கிராமப்புறங்களில் பயணம் போகிறவர்களுக்கு மைல் கணக்கில் நீளும் கல்மதில்களும், பூட்டிக் கிடக்கும் பெரிய வாசல்களும், உள்ளே கூரையில்லாமல் நிற்கும் மாளிகைகளும் கண்ணில் படுகின்றன. இவற்றைக் கட்டியவர்கள் யார்? அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின? சுதந்திரப் போரில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கொளுத்தியது உண்மை. 1920 தொடங்கி 1923 வரை, இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் ஏறத்தாழ 275 வீடுகள் எரிந்தன. ஆனால் மொத்தத்தில் அது ஒரு பகுதிதான். தப்பியவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகள் அப்புறம், யாரும் தீ வைக்காமலேயே, ஏலத்திலும் இடிப்பிலும் போய்ச் சேர்ந்தன. அந்த மாளிகை ஒவ்வொன்றும் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான ஏக்கரின் குத்தகைப் பணத்தில் ஓடியது. நிலம் கைமாறிய அன்றே அதற்கு நாள் குறித்தாயிற்று; தீ வந்தது அதற்குப் பிறகு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

சரி, அத்தனை நிலம் ஒரு சில குடும்பங்களின் கைக்கு எப்படி வந்தது? பெரும்பகுதி, தோற்றவர்களிடமிருந்து பிடுங்கியதுதான். 1580களில் டெஸ்மண்ட் பிரபுக்களின் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேய அரசு மன்ஸ்டர் மாகாணத்தில் அவர்களுடைய நிலத்தைப் பறித்து இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1609 முதல் அல்ஸ்டரில் இதையே இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். அதன் பிறகு ஆங்கிலேயப் படைத்தளபதி கிராம்வெல் வந்தார். போர்ச்செலவுக்குக் கடன் கொடுத்த லண்டன் வியாபாரிகளுக்கும் சம்பளம் பாக்கியிருந்த சிப்பாய்களுக்கும் அயர்லாந்து நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். 1641இல் நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. வில்லியம் மன்னரின் போர்களும் முடிந்து, 1703இல் கணக்குப் பார்த்தபோது 14 சதவீதம்.

அந்த மிச்சத்தையும் கரைக்கச் சட்டம் போட்டார்கள். 1704ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் புதிதாக நிலம் வாங்க முடியாது. 31 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்க முடியாது. ஒரு கத்தோலிக்கர் இறந்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் சமமாகப் பங்கிட்டாக வேண்டும். ஆனால் மூத்த மகன் புராட்டஸ்டண்ட் அரசுத் திருச்சபையில் சேர்ந்துவிட்டால் முழுச் சொத்தும் அவனுக்கே. வாசலில் போலீஸ் நிற்கவில்லை, யாரும் மிரட்டவில்லை; குடும்பத்துக்குள்ளேயே ஒரு சண்டையை விதைத்துவிட்டுச் சட்டம் ஒதுங்கிக்கொண்டது. இரண்டு மூன்று தலைமுறையில் பழைய குடும்பங்கள் பல மதம் மாறின, மாறாதவை துண்டு துண்டாயின. இவ்வளவு குயுக்தியான சொத்துச் சட்டம் வேறெங்கும் நான் படித்ததில்லை.

இந்தச் சூழலில் எழுந்தவர்தான் வில்லியம் கனோலி. டோனகலில் ஒரு விடுதிக்காரரின் மகன் என்று சொல்லப்படுபவர். வம்சமும் இல்லை, பட்டமும் இல்லை. வக்கீலாக இருந்தவர், 1690களின் போருக்குப் பின் பறிமுதலான எஸ்டேட்டுகளை வாங்கி விற்றே அயர்லாந்தின் பெரும் பணக்காரர் ஆனார். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகரும் ஆனார். 1722இல் டப்ளினுக்கு மேற்கே செல்பிரிட்ஜில் அவர் கட்டத் தொடங்கிய காஸில்டவுன்தான் அந்த நாட்டின் முதல் பெரிய பலாடிய பாணி மாளிகை. நடுவில் பெரிய கட்டடம், இரு பக்கமும் வளைந்த தூண் நடைகள், அவற்றின் முனையில் இரண்டு சிறகுக் கட்டடங்கள். இந்த அமைப்பை அடுத்த ஐம்பது ஆண்டுகள் நாடு முழுக்கக் காப்பியடித்தார்கள். முகப்பின் வடிவம் இத்தாலியரான அலெசாண்ட்ரோ கலிலெய்யுடையது. வேலையை முன்னெடுத்தவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ். ஆனால் கனோலி 1729இல் இறந்தபோது உள்ளே பிரதான மாடிப்படிகூட இல்லை! பிள்ளையும் இல்லை.

அவருடைய மனைவி கேத்தரின் இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் அங்கே ஆண்டார். 1740இல் கடும் குளிரால் பஞ்சம் வந்தபோது, சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காக வீட்டின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி தொலைவில் ஒரு பிரமாண்டமான வளைவுக் கோபுரத்தை எழுப்பச் சொன்னார். 140 அடி உயரம், யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை. முந்நூறு நானூறு பவுண்டாவது ஆகும், அக்காவால் எப்படித்தான் முடிகிறதோ என்று அவருடைய தங்கை ஒரு கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோபுரம் நின்ற இடம் கனோலிகளுடையதே அல்ல, பக்கத்து எஸ்டேட்டுக்காரருடையது. மூன்று ஆண்டு கழித்து வெளிப்புறமாகச் சுற்றியேறும் படிக்கட்டோடு, கூம்பு வடிவத்தில் ஒரு தானியக் களஞ்சியமும் கட்டினார். இரண்டும் இன்றும் நிற்கின்றன.

வீட்டின் உள்ளே நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் கனோலியின் அண்ணன்/தம்பி வழிப் பேரன் டாமை 1758இல் மணந்து வந்த லூயிசா லெனாக்ஸின் கைவேலை. வந்தபோது வயது 15. மாடிப்படி வந்தது அவர் காலத்தில்தான். தங்கை சாராவோடு உட்கார்ந்து படங்களை வெட்டி ஒரு அறையின் சுவர் முழுக்க ஒட்டினார். அந்த நூற்றாண்டில் பெண்களிடையே பரவலாக இருந்த பொழுதுபோக்கு, ஆனால் அயர்லாந்தில் எஞ்சியிருப்பது இந்த ஒரே அறை. நீண்ட கூடத்துக்கு வெனிஸிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள் வரவழைத்தார். வந்து இறங்கியதும் பார்த்தால் விளக்கின் நீலம் வேறு, சுவரின் நீலம் வேறு. திருப்பி அனுப்பவா முடியும்? இன்றும் அங்கேதான் தொங்குகின்றன.

லூயிசாவின் அக்கா எமிலி அடுத்த எஸ்டேட்டான கார்ட்டனில் வாழ்ந்தார். கணவர் கில்டேர் பிரபு, பின்னால் லெய்ன்ஸ்டர் டியூக். கனோலிகள் புதுப் பணம் என்றால் இந்த ஃபிட்ஸ்ஜெரால்டுகள் நார்மன் காலத்துப் பழைய குடும்பம். கார்ட்டனை 1739 முதல் புதுப்பித்துக் கட்டியவர் ரிச்சர்ட் காசில். டப்ளினில் அதே குடும்பத்துக்கு அவர் கட்டிய நகர மாளிகையில்தான் இன்று அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுகிறது. பவர்ஸ்கோர்ட், ரஸ்பரோ எல்லாம் அவருடையவைதான். 1751இல் கார்ட்டனில் இருந்தபோது, ஒரு தச்சருக்கு வேலை விவரம் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே உயிர் போனது என்கிறார்கள். எமிலியின் மகன் எட்வர்ட், பிரெஞ்சுப் புரட்சியில் மயங்கி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவராகி, கைதின்போது ஏற்பட்ட காயத்தால் சிறையில் இறந்தார். ஆக, பெரிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி வரவு செலவுக்கு வருவோம். இதைத்தான் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை.

எஸ்டேட் முழுவதும் மூத்த மகனுக்கு. அவனும் அதை விற்க முடியாதபடி திருமணத்தின்போதே பத்திரம் எழுதிவிடுவார்கள். அவன் ஆயுளுக்கு அனுபவிக்கலாம், அடுத்தவனுக்குக் கடத்த வேண்டும், அவ்வளவுதான். நம் ஜமீன்களில் மூத்தவனுக்கே பட்டம் என்ற வழக்கத்தைப் போலத்தான், ஆனால் இங்கே இளையவர்களின் பங்கும் அதே பத்திரத்தில் ஏறியது. விதவைத் தாய்க்கு ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை. ஒவ்வொரு மகளுக்கும் சீதனம். இளைய மகன்களுக்கு ராணுவத்தில் பதவி வாங்கப் பணம். கையில் ரொக்கம் இல்லாததால் எல்லாமே நிலத்தின் மேல் கடன். போன தலைமுறையின் சீதனக் கடன் தீர்வதற்குள் அடுத்த தலைமுறையின் பெண்களுக்கு வயது வந்துவிடும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் என்று ஊரே வாய்பிளந்த பிரபுவின் கையில், வட்டியும் ஆண்டுத்தொகைகளும் போய் நின்றது பாதி இருந்தாலே பெரிது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பக்கத்துப் பிரபுவைவிட ஒரு சிறகு கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் நிலத்தின் உள் விவகாரம். பிரபு ஆயிரம் ஏக்கரை ஓர் இடைத்தரகருக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிடுவார். பெரும்பாலும் 'மூன்று உயிர்க் குத்தகை': பத்திரத்தில் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள், மூவரும் இறக்கும்வரை குத்தகை செல்லும். அதனால் நீண்ட ஆயுள் இருக்கும் என்று அரச குடும்பத்துக் குழந்தைகளின் பெயரை எழுதிவைத்த பத்திரங்கள் உண்டு. இடைத்தரகர் அதைப் பிரித்துக் கீழ்க்குத்தகை விடுவார், அவர் இன்னும் பிரிப்பார். கடைசியில் ஓரிரு ஏக்கரில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பி ஒரு குடும்பம். 1841இல் நாட்டின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிரபுக்கள் பலர் ஊரில்கூட இல்லை. 1801இல் டப்ளின் நாடாளுமன்றத்தை மூடி லண்டனோடு இணைத்த பிறகு, அரசியலும் விருந்தும் லண்டனுக்குப் போனதால் அவர்களும் போய்விட்டார்கள். வசூல் செய்து அனுப்பியது காரியஸ்தர்கள்.

1845இல் கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த நேரத்தில் இரண்டு சட்ட விதிகள் நிலப்பிரபுக்களை என்ன செய்யத் தூண்டின என்பதைக் கவனியுங்கள். ஏழை நிவாரண வரியில், நான்கு பவுண்டு மதிப்புக்கு உட்பட்ட சிறு குத்தகைகளுக்கான வரி முழுவதையும் பிரபுவே கட்ட வேண்டும். அதாவது, வாடகையே தராத ஏழைக்கு நிவாரண வரியும் கட்ட வேண்டும். அவனுடைய குடிசையைத் தரைமட்டமாக்கினால் வரி இல்லை. இரண்டாவது, 1847இல் வந்த 'கால் ஏக்கர்' விதி: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசுக் கஞ்சி கிடையாது. சாப்பிட வேண்டுமானால் நிலத்தை விடு.

அந்த இரண்டாவது விதியைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி. இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்: 1872 முதல் 1877 வரை ஆளுநர், கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவியவர், நுவரெலியாவின் கிரெகரி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய குடும்பம் கால்வேயில் கூல் எஸ்டேட்டை 1768இல் வாங்கியதே கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த பணத்தில்தான். கொழும்பில் பண்பானவராகப் பேர் எடுத்த மனிதர், சொந்த ஊரில் அந்தக் கால் ஏக்கருக்காக இன்றும் திட்டு வாங்குகிறார்.

பஞ்ச காலத்தில் ஒரு பெரிய வீடு எப்படி நடந்துகொண்டது என்பதைத் தாளும் எழுத்துமாகப் பார்க்க வேண்டுமானால் ராஸ்காமனில் உள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குப் போக வேண்டும். மேஹன் குடும்பத்தின் வீடு. சமையலறைக்கு மேலே சுற்றிவர ஒரு மாடம் இருக்கிறது. வீட்டு எஜமானி கீழே இறங்காமலே அங்கிருந்து வேலையாட்களைக் கண்காணிக்கலாம். திங்கட்கிழமை காலையில் வாரத்துக்கான சமையல் பட்டியலை மேலிருந்தே சமையல்காரிக்குப் போடுவார் என்று சொல்வார்கள். வேலைக்காரர்கள் புல்வெளியில் நடமாடுவது ஜன்னலில் தெரியக் கூடாது என்பதற்காக நிலத்தடியில் ஒரு சுரங்க வழியும் உண்டு.

1845இல் அந்த எஸ்டேட் மேஜர் டெனிஸ் மேஹனுக்கு வந்தது, கூடவே ஆண்டுக்கணக்கான குத்தகை நிலுவையும் கடனும். குடியானவர்களை ஏழையர் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றுவது மலிவு என்று காரியஸ்தர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1847 மே மாதம் 1,490 பேர் டப்ளின் வரை கால்வாய் ஓரமாக நடத்திக் கூட்டிச் செல்லப்பட்டார்கள், பாதி வழியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கூடவே. அங்கிருந்து லிவர்பூல், பிறகு கியூபெக். அவர்கள் ஏறிய கப்பல்களில் ஒன்றான வர்ஜீனியஸில் 476 பயணிகள். கடலிலேயே 158 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தது. நவம்பர் 2ஆம் தேதி மாலை வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மேஹனைச் சுட்டுக் கொன்றார்கள்.

குடும்பம் அதன் பிறகும் 130 ஆண்டு அந்த வீட்டில் இருந்தது என்பதுதான் ஆச்சரியம். 1979இல் உள்ளூர் வாகன வியாபாரி ஒருவர் தன் தொழிலுக்குக் கொஞ்சம் நிலம் வேண்டுமென்று எஸ்டேட்டை வாங்கினார். எஸ்டேட் அலுவலகத்தில் கிடந்த காகிதங்களைப் புரட்டினால், 1846இல் குளூனஹீ என்ற ஊர்க் குடியானவர்கள் பிள்ளைகள் பசியில் அழுவதைச் சொல்லி வேலை கேட்டு எழுதிய மனு. கொளுத்தவோ விற்கவோ வேண்டாம் என்று முடிவு செய்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் பிழைத்தன; 1994இல் அங்கேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தது.

எல்லாப் பிரபுக்களும் மேஹன் அல்ல. மாயோவில் மூர் ஹால் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஜார்ஜ் ஹென்றி மூர் 1846இல் செஸ்டர் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தில் குடியானவர்களுக்கு உணவுக்கும் மாட்டுக்கும் செலவழித்தார், ஒருவரையும் வெளியேற்றவில்லை. அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

பஞ்சம் குடியானவர்களைக் கொன்றது, கூடவே பிரபுக்களையும் திவாலாக்கியது. வசூல் இல்லை, வரியோ ஏறிக்கொண்டே போகிறது, பத்திரக் கட்டுப்பாட்டால் விற்கவும் முடியாது. 1849இல் அரசு ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தி, கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளைப் பத்திரச் சிக்கல் இல்லாமல் ஏலம் விட வழி செய்தது. எட்டு ஆண்டுகளில் சுமார் 3,000 எஸ்டேட்டுகள் கைமாறின. கனிமாராவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் வைத்திருந்த மார்ட்டின் குடும்பத்தின் கடைசி வாரிசு மேரி, 'கனிமாராவின் இளவரசி' என்று ஊரார் அழைத்தவர், எல்லாவற்றையும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் இழந்து 1850இல் நியூயார்க்கில் இறந்தார். அவர்களுடைய பாலினஹின்ச் மாளிகையை 1920களில் வாங்கியவர் யார் தெரியுமா? நம் ரஞ்சி கோப்பையின் ரஞ்சித்சிங்ஜி. மீன் பிடிக்க ஒவ்வோர் ஆண்டும் வருவாராம்.

பிழைத்த பிரபுக்களுக்கு இருபது ஆண்டுக்கு மேல் நல்ல காலம்தான். 1870 அளவில் ஏறத்தாழ 750 குடும்பங்களிடம் நாட்டின் பாதி நிலம் இருந்தது. பிறகு விளைச்சலும் விலையும் சரிந்தன. 1879இல் மைக்கேல் டேவிட் குடியானவர்களுக்காக நிலச் சங்கம் தொடங்கினார். தலைவர் பார்னெல், அவரே விக்லோவில் ஒரு நிலப்பிரபு. அடுத்த ஆண்டு மாயோவில் எர்ன் பிரபுவின் காரியஸ்தர் கேப்டன் பாய்காட்டுக்கு யாரும் வேலை செய்வதில்லை, எதுவும் விற்பதில்லை என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. அல்ஸ்டரிலிருந்து 50 பேர் வந்து, ஆயிரம் சிப்பாய்களின் காவலில் அவருடைய கிழங்கைத் தோண்டினார்கள். 500 பவுண்டு விளைச்சலை வீடு சேர்க்க அரசுக்குப் பத்தாயிரம் பவுண்டு செலவு. 1881இல் சட்டம் வந்தது: குத்தகையை இனிப் பிரபு நிர்ணயிக்க முடியாது, நில நீதிமன்றம் நிர்ணயிக்கும். சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வருமானம் குறைந்தது, சீதன வட்டி குறையவில்லை.

கடைசி ஆணியை அடித்தது பிரிட்டிஷ் அரசேதான், அதுவும் அன்பளிப்போடு. 1903இல் அயர்லாந்து விவகார அமைச்சர் வைண்டம் கொண்டுவந்த சட்டப்படி எஸ்டேட்டை முழுதாகக் குடியானவர்களுக்கு விற்கும் பிரபுவுக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை. குடியானவர் முழுப் பணத்தையும் அரசிடம் கடன் வாங்கி, அறுபத்தெட்டரை ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். அந்தத் தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு. யார்தான் வேண்டாம் என்பார்கள்? முதல் உலகப் போர் தொடங்கும்போது பெரும்பாலான குடியானவர்கள் நிலத்தின் சொந்தக்காரர்கள்.

பிரபுவிடம் மிஞ்சியது வீடு, மதிலுக்குள் சில நூறு ஏக்கர், பங்குப் பத்திரங்கள். கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதியை முதலீடு செய்து முதல் சில ஆண்டுகள் முன்பைவிடச் செழிப்பாகவே இருந்தார்கள். ஆனால் அறுபது அறை, இருபது வேலையாட்கள், ஒவ்வொரு குளிர்காலமும் ஒழுகும் கூரை. போரில் விலைவாசி இரட்டிப்பானது. வாரிசுகள் பலர் பிரான்ஸ் பதுங்குகுழிகளில் இறந்தார்கள். வீட்டைத் தாங்கிய நிலம் இப்போது இல்லை. என்னைக் கேட்டால் பெரிய வீடுகளின் கதை முடிந்த ஆண்டு 1903தான்.

தீ அதற்குப் பிறகுதான். சுதந்திரப் போரில் எரித்ததற்குக் காரணங்கள் கலவையானவை: ராணுவம் முகாமிடும் என்ற அச்சம், அரசுப் படைகள் குடிசைகளை எரித்ததற்குப் பழி, மதிலுக்குள் மிஞ்சிய நிலத்தின் மேல் கண். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்ற புதிய அரசும் அதை எதிர்த்தவர்களும் மோதிய 1922-23 உள்நாட்டுப் போரில் இன்னும் அதிகம் எரிந்தன. புதிய அரசின் செனட்டர்களுடைய வீடுகள் குறிவைத்துத் தாக்கப்பட்டன. மூர் ஹால் எரிந்தது 1923 பிப்ரவரி 1ஆம் தேதி. பஞ்சத்தில் ஒருவரையும் வெளியேற்றாத குடும்பம், 1798இல் கிளர்ச்சிக்காரர்களின் கனாட் குடியரசுக்குத் தலைவரைத் தந்த குடும்பம். வீட்டுக்காரரின் தம்பி ஒரு செனட்டர். அது போதுமானதாக இருந்தது.

அதற்குச் சில நாள் முன்பு கில்டேரில் மேயோ பிரபுக் குடும்பத்தின் பாமர்ஸ்டவுன் மாளிகை எரிந்தது. இதில் சென்னைக்கு ஒரு தொடர்பு உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த ஆளுநர் ராபர்ட் பர்க் இந்த மேயோ பிரபுக் குடும்பத்தின் இளைய மகன். அவருடைய அண்ணன்தான் 1872இல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ. எரிந்த வீட்டின் சொந்தக்காரர் அந்த வைஸ்ராயின் மகன், அவரும் செனட்டர். இளைய மகன்களுக்கு நிலம் கிடையாது என்று சொன்னேனே, அவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டார்கள்.

கார்க்கில் மிச்சல்ஸ்டவுன் கோட்டை 1922 ஆகஸ்டில் எரிந்தது. அதன் கற்களை மவுண்ட் மெல்லரே துறவிகள் வாங்கிப் போய்த் தங்கள் மடத்தைக் கட்டினார்கள். மாளிகை இருந்த இடத்தில் பால் பண்ணைத் தொழிற்சாலை வந்தது.

தீயே படாமல் போன வீட்டுக்குக் கார்ட்டனைவிட நல்ல உதாரணம் இல்லை. ஐந்தாம் லெய்ன்ஸ்டர் டியூக்கின் மூன்றாவது மகன் எட்வர்ட் சூதாட்டத்தில் கடனாளியானார். அவருக்கு முன் இரண்டு அண்ணன்கள், பட்டம் வரப்போவதில்லை. எனவே தன் எதிர்கால வாரிசுரிமையை மல்லபி டீலி என்ற, தையல்கடைத் தொழிலும் நடத்திய லண்டன் நிதியாளருக்கு விற்றுக் கடனை அடைத்தார். பட்டம் வந்தால் எஸ்டேட் வருமானம் அவருக்கு, எட்வர்டுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு மட்டும். 1916இல் இரண்டாவது அண்ணன் போரில் இறந்தார். 1922இல் மனநலம் குன்றியிருந்த மூத்த அண்ணனும் இறந்தார். எட்வர்ட் ஏழாம் டியூக். வருமானம் முழுவதும் மல்லபி டீலிக்கு. 700 ஆண்டுக் குடும்பத்தின் கடைசிச் சொத்து ஒரு தையல்கடை முதலாளியிடம் போனது. கார்ட்டன் 1949இல் விற்பனையாகி, இன்று கோல்ஃப் மைதானத்தோடு ஒரு சொகுசு விடுதி.

சுதந்திர அரசுக்கு இந்த வீடுகளின் மேல் பாசம் இருந்திருக்க நியாயமில்லை. 1923 சட்டத்தின்படி நில ஆணையம் மிச்ச நிலங்களையும் கட்டாயமாக வாங்கிச் சிறு விவசாயிகளுக்குப் பிரித்தது. வீடு யாருக்கு வேண்டும்? கூரை இருந்தால் உள்ளாட்சி வரி, கூரையைக் கழற்றினால் வரியில்லை. ஈயத்தையும் மரத்தையும் விற்ற காசும் கிடைக்கும். நீங்கள் பார்த்த கூரையில்லாத மாளிகைகளில் பல இப்படி ஆனவைதான், எரிந்தவை அல்ல. டிப்பரரியில் ஜான் நாஷ் வடிவமைத்த ஷான்பாலி கோட்டையை 1960இல் நில ஆணையமே வெடி வைத்துத் தகர்த்தது. டப்ளினுக்கு வடக்கே கென்யூர் பார்க்கை 1978இல் இடித்தவர்கள் தூண் முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். சுற்றிலும் நகராட்சி வீடுகள், நடுவில் எந்தக் கட்டடத்துக்கும் சேராத கிரேக்கத் தூண்கள். கிரெகரியின் கூல் வீடு கல்லுக்காக 1941இல் இடிக்கப்பட்டது. அவருடைய மனைவி அகஸ்டாவைப் பார்க்க வந்த எழுத்தாளர்கள் யேட்ஸும் ஷாவும் பெயரெழுத்தைச் செதுக்கிய மரம் மட்டும் தோட்டத்தில் இருக்கிறது.

காற்று திசைமாறியது 1958இல், டெஸ்மண்ட் கின்னஸும் அவர் மனைவி மரீகாவும் பழைய கட்டடங்களைக் காக்க அயர்லாந்து ஜார்ஜியச் சங்கத்தைத் தொடங்கியபோது. கனோலி வாரிசுகள் விற்றுவிட்ட காஸில்டவுன் பூட்டிக் கிடந்து பாழானபோது, 1967இல் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார் கின்னஸ். ஜன்னல் உடைந்து, கூரை ஈயம் திருடுபோன வீட்டைத் தன்னார்வலர்கள் வந்து கூட்டித் துடைத்தார்கள். 1994இல் அரசு ஏற்றுக்கொண்டது. வட அயர்லாந்தில் நிலைமை வேறு: அங்கே பிரிட்டனின் மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பல வீடுகளை ஏற்று நடத்தியது. அவற்றில் காசில் வார்டைத் தவறவிடாதீர்கள். கணவருக்குச் செவ்வியல் பாணி பிடிக்கும், மனைவிக்குக் கோதிக். எனவே ஒரே வீட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இன்னொன்று. பிற்பாடு இருவரும் பிரிந்துவிட்டார்கள்!

சில குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பர் கோட்டையில் பார்சன்ஸ் குடும்பம் 1620 முதல். மூன்றாம் ராஸ் பிரபு 1845இல் 72 அங்குலக் கண்ணாடியோடு அங்கே நிறுவிய தொலைநோக்கிதான் 1917 வரை உலகிலேயே பெரியது. ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் சுருள் வடிவம் முதலில் தெரிந்தது அதில்தான். ராஸ்காமனில் குளோனலிஸ், பழைய கேலிக் அரச வம்சமான ஓ'கானர்களின் வீடு; பறித்தவர்களின் வீடுகளுக்கு நடுவே, பறிகொடுத்தும் பிழைத்த ஒரு குடும்பம். வாசலில் அந்த வம்சத்து அரசர்கள் பட்டமேற்ற கல் கிடக்கிறது.

பயணம் போகிறவர்கள் பார்க்க: டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்வர காஸில்டவுன், நேரம் இருந்தால் ஸ்ட்ரோக்ஸ்டவுன், ஏனென்றால் வீட்டையும் அதன் விலையையும் ஒரே கூரையின் கீழ் காட்டுவது அது ஒன்றுதான். தனியார் வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. பழுதுபார்ப்புச் செலவுக்கு வரிச்சலுகை பெறும் சொந்தக்காரர்கள் ஆண்டுக்கு 60 நாளாவது பொதுமக்களுக்கு வீட்டைத் திறக்க வேண்டும் என்பது சட்டம், '482ஆவது பிரிவு' என்பார்கள். அந்த வீடுகளின் பட்டியலையும் தேதிகளையும் வருவாய்த் துறை வெளியிடுகிறது. தேதி பார்த்து முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பல இடங்களில் சுற்றிக்காட்டுவது வீட்டுக்காரரேதான், கூரையைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் விடமாட்டார்.